கை இல்ல

ரஃபத் ஜஹான் மிஷின் வாங்கப் போகிறாள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல் மிஷின் என்றால் சரி. அவள் சொன்னது டேனரியில் ஈரத் தோலைப் பிழிகிற மிஷின். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, குழம்பில் உப்பு கம்மி என்கிற மாதிரி அதைச் சொன்னாள்.

"இன்னாடி உளர்ற? தோல் பிசினஸ்ல எறங்கப் போறியா?"

"படம் போடறதுக்கு செண்பா."

"படம் போட பென்சில் போதாதா?"

அவள் பேரீச்சம்பழ டப்பாவை என் பக்கம் தள்ளினாள். பேசப் பிடிக்காதபோது தின்ன எதையாவது தள்ளிவிடுவது அவள் வழக்கம்.

நான் செண்பகம். ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் கிடையாது, அம்மாவோடு இருக்கிறேன். முன்கோபக்காரி. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. ரஃபத் அதே பள்ளியில் டிராயிங் டீச்சர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். பரீட்சை நெருங்கினால் அவளுடைய பீரியடை நான்தான் பிடுங்கிக்கொள்வேன். "எடுத்துக்கோ" என்பாள், அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று எனக்கே இன்னும் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளுக்குப் புத்தி சொல்ல வீட்டுக்கே போனேன். அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். பழைய துப்பட்டாத் துணியில் சுற்றிச் சுற்றி, பெட்டி நிறைய செப்புத் தகடு.

பேரணாம்பட்டில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவரின் மகள் அவள். அந்தத் தெருவிலிருந்து சென்னைக்குப் போய் ஓவியம் படித்த முதல் பெண். போனவள் பெயிண்டிங் படித்திருந்தாலாவது வீட்டில் மாட்டிவைக்க ஏதாவது மிஞ்சியிருக்கும். இவள் தகட்டில் படம் வெட்டிக் காகிதத்தில் எடுக்கிற பிரிவில் போய்ச் சேர்ந்தாள். தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மையைத் தேய்த்து, மேலே ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு, நனைத்த காகிதத்தைப் போட்டு, அதன்மேல் கம்பளியைப் போட்டு, இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே நசுக்கி விடவேண்டும். பள்ளத்திலிருக்கிற மை அப்போதுதான் காகிதத்தில் ஏறும். இதை அவள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு விளங்கியது ஒன்றுதான். உருளை இல்லையென்றால் படம் இல்லை.

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்துவிட்டாள். உருளை சென்னையிலேயே இருந்துவிட்டது. போய்ப் படம் எடுத்து வர நாள் பார்ப்பாள். அன்றைக்கென்று யாருக்காவது காய்ச்சல் வரும், யாராவது பெண் பார்க்க வருவார்கள், மாமியார் படியில் வழுக்குவார். ஆனாலும் தகடு வெட்டுவதை மட்டும் விடவில்லை.

"இதெல்லாம் காகிதத்துல எப்பிடி வந்திருக்கு, காட்டு," என்றேன்.

"எடுத்ததில்லையே."

"ஒண்ணு கூடவா?"

"ஊருக்கு வந்தப்புறம் வெட்டினது ஒண்ணு கூட."

விடையே பார்க்காமல் இத்தனை வருஷம் யாராவது கணக்குப் போடுவார்களா? ஒரு தகட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிற பெண்கள், கையில் சாப்பாட்டுப் பை, எல்லாம் இடம் வலம் மாறி. கீறல் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"ஒரு தடவ பாத்துடணும் செண்பா. எனக்குப் படம் போடத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியல," என்றாள்.

புத்தி சொல்லப் போன நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு ராணிப்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

புதுசாகவே வாங்கலாமே என்று கேட்டேன். போனில் எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். கைக்கு எட்டுகிறதெல்லாம் சின்ன உருளை, அவளுடைய பெரிய தகடு அதில் போகாது. பெரியது வேண்டுமென்றால் வடக்கே சொல்லி, செய்து வரக் காத்திருக்கவேண்டும். அதற்குள் அவளுக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும். தோலைப் பிழிகிற மிஷினிலும் அதே இரண்டு உருளை, அதே கம்பளி. தண்ணீருக்குப் பதில் மை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். சின்ன வயதிலேயே அப்பாவோடு டேனரிக்குப் போனபோது பார்த்து வைத்தது அவள் தலையில் இருந்திருக்கிறது.

மூடிப்போன டேனரிகளின் மிஷின்களை வாங்கி விற்கிறவர் வாஹித் பாஷா. பெரிய யார்டு, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய பேச்சு. ஜெர்மன் மிஷினையே தான் திருத்தியிருப்பதாக முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்.

"இன்னா வேணும் மேடம்?"

"பிரிண்ட் போட மிஷின் பாய்," என்றாள் ரஃபத்.

"பாம்பு பிரிண்டா, முதலை பிரிண்டா?"

எங்கள் பக்கம் பிரிண்ட் என்றால் தோலின்மேல் அழுத்துகிற டிசைன்தான். மாட்டுத் தோலைப் பாம்புத் தோலாகக் காட்டுகிற வேலை. ரஃபத்துக்கு அது தெரியாமலா இருக்கும், ஆனால் அவள் நினைப்பு முழுக்க உருளையில் இருந்தது.

"மனுஷங்க," என்றாள்.

வாஹித் பாஷா ஒரு அடி பின்னால் போனார். "மனுஷத் தோல் பிரிண்ட் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்."

நான் சிரித்த சிரிப்பில் யார்டே திரும்பிப் பார்த்தது. அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அதற்குப் பிறகு ரஃபத் செய்ததைப் பார்த்து நான் சிரிப்பதை நிறுத்தினேன். பிள்ளைகள் சத்தம் போட்டால்கூடத் தலை குனிந்து நிற்கிறவள், புர்காவோடு அந்த எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து மிஷினுக்கு அடியில் போனாள். இரண்டு உருளையையும் நெருக்கி வைக்கச் சொல்லி, பின்னால் போன் டார்ச்சை அடிக்கச் சொன்னாள். நடுவில் வெளிச்சம் ஒழுகினால் உருளை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு மிஷினில் ஒழுகியது. இன்னொன்றில் உருளை சரி, பக்கச் சட்டத்தில் விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருந்தார்கள். அதை வாஹித் பாஷா சொல்லவில்லை, பெயிண்டைச் சுரண்டி அவளே கண்டுபிடித்தாள். பற்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, எவ்வளவு லொடலொடக்கிறது என்று காது வைத்துக் கேட்டாள்.

"மிஷின் வாங்க வந்தாங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தாங்களா?" என்று அவர் என்னிடம் முணுமுணுத்தார்.

மூலையில் கிடந்த பழைய மிஷின் டேனரிக்குச் சின்னது, அவள் தகட்டுக்குப் போதும்; அதில் வெளிச்சம் ஒழுகவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தாள். மேலே இருந்த கம்பளி உறையை உரித்து, உருளைகளுக்கு நடுவே போய்வர ஒரு இரும்புப் பலகை வைத்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலே இரண்டு பக்கமும் திருகு வைத்துத் தருவதாக அவர் ஒத்துக்கொண்டார். சண்டை ஒன்றில்தான் வந்தது. ரஃபத் கையால் சுற்றுகிற சக்கரம் கேட்டாள். அவர் மோட்டாரும் கால் பெடலும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

"டேனரி ரோலர் மேடம். கையால சுத்தினா தோள்பட்ட எறங்கிடும். நான் சொல்றேன் இல்ல."

அவள் அங்கே மட்டும் விட்டுக்கொடுத்தாள். எல்லாவற்றையும் பிடித்த பிடியாகச் சாதித்தவள், அதை ஏன் விட்டாளோ.

மிஷின் வந்த நாள் தெருவே கூடிவிட்டது. மினி லாரியிலிருந்து செயின் போட்டு இறக்கி, மகள் படிக்கப் போனதில் காலியாயிருந்த பின் அறைக்குள் உருட்டினார்கள். ரஃபத்தின் மாமியார் அன்வரி பேகம் தஸ்பீ மணியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார்.

"இன்னா இது, ஊட்டுக்குள்ள ரோட் ரோலர்?" என்று என்னைத்தான் கேட்டார். ரஃபத்தையும் என்னையும் அவர் 'பேட்டி', அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். ரஃபத்தின் வீட்டுக்காரர் தபரேஸ், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல மனுஷன், தரை தாங்குமா என்று குதிகாலால் தட்டிப் பார்த்தார்.

வாஹித் பாஷா எல்லாம் பூட்டி முடித்து எங்களை இரண்டு பக்கமும் நிறுத்தினார். ரஃபத் பெடல் பக்கம். நான் எதிர்ப்பக்கம், கம்பளி சுருங்காமல் இழுத்துப் பிடிக்க. மேல் உருளை மறைப்பதால் அவள் நிற்கிற இடத்திலிருந்து என் கை தெரியாது.

"டேனரில ஒரு பழக்கம் இருக்கு," என்றார் அவர். "இந்தாண்ட நிக்கிறவன் ரெண்டு கையயும் எடுத்துட்டு 'கை இல்ல'ன்னு சொல்லணும். அது காதுல விழுந்தாத்தான் பெடல் மிதிக்கணும். மேடம், சொல்லுங்க."

"கை இல்ல," என்றேன்.

"தோபா தோபா," என்று கதவோரத்திலிருந்து சத்தம். "வெள்ளிக்கிழம அதுவுமா, ஊட்டுக்குள்ள நின்னு கை இல்ல கை இல்லன்னு இன்னா பேச்சு இது? நல்ல வார்த்தையே கெடைக்கலயா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் வீட்டிலும் 'இல்லை' என்கிற வார்த்தை ஆகாது. அரிசி தீர்ந்துபோனால் அம்மா 'அரிசி இல்ல' என்று சொல்லவே மாட்டார், 'அரிசி வாங்கணும்' என்பார். விளக்கு வைத்த நேரத்தில் வாய் தவறிச் சொன்னால் வாயிலேயே ஒன்று விழும். அதிலும் கையைச் சொல்லி இல்லை என்பதா? மதம் வேறானாலும் நானும் அன்வரி பேகமும் அந்த விஷயத்தில் ஒரே கட்சி.

"ஆச்சுன்னு சொல்லிக்கலாம் பாய். ரெண்டும் ஒண்ணுதானே," என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சொல்லிக்கோங்க," என்றார்.

முதல் சில சனிக்கிழமைகள் தகராறிலேயே போயின. வாஹித் பாஷா இலவசமாகக் கொடுத்த, தோல் பதனிடுகிற ரசாயனம் ஊறிப்போன டேனரிக் கம்பளியை அலசினால் தொட்டித் தண்ணீர் நீலமாக மாறியது. எத்தனை தடவை அலசினாலும் நீலம். அந்தத் தண்ணீரைத் தன் முருங்கைக்கு ஊற்றவிடாமல் அன்வரி பேகம் காவல் நின்றார். எடுத்துப் பார்த்த காகிதங்களில் ஓரமெல்லாம் நீலக் கறை, ஒரு பக்கம் மை அப்பி மறுபக்கம் வெளிறி வந்தது. "மிஷினோட தப்பா, என் தப்பான்னு தெரியலையே," என்று ரஃபத் புலம்பினாள். டேனரிகளுக்குக் கம்பளி விற்கிற கடையில் புதுத் துண்டு வாங்கி வந்தாள். இரண்டு திருகும் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று காகிதத் துண்டு செருகி இழுத்துப் பார்த்தாள். வேலை முடிந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தாமல் விட்டால் உருளை ஒரே இடத்தில் கனத்து உட்கார்ந்துவிடும் என்று தினமும் தளர்த்தி வைத்தாள், எண்ணெய் விட்டாள், கம்பளியைக் கொடியில் உலர்த்தினாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று மாமியார் சொல்லிக் காட்டினார்.

புதுக் கம்பளி போட்ட சனிக்கிழமை, வேனுக்குக் காத்து நிற்கிற பெண்களின் தகட்டை எடுத்தாள். மை தேய்த்து, உள்ளங்கையால் துடைத்து, பலகையில் வைத்து, காகிதம் போட்டு, கம்பளி மூடினாள். இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் பெடல் பக்கம் போனாள். நான் கம்பளியை இழுத்தேன். உருளை வாயில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. இடது கையால் அதை நீவிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அன்வரி பேகம் கேட்டார்: "பேட்டி, டீ குடிச்சாச்சா?"

"ஆச்சும்மா," என்றேன்.

ரஃபத் பெடலை மிதித்தாள்.

வலிக்கவில்லை. சத்தியமாக. சத்தமும் இல்லை. மோட்டார் எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது. என் கை ஏன் கம்பளியோடு போகிறது என்று வேடிக்கைதான் பார்த்தேன். காகிதம் கசங்கிவிடுமே என்றுகூட நினைத்தேன். அதற்கப்புறம்தான் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. ரஃபத் காலை எடுத்துவிட்டாள். பின்னால் சுற்ற வைத்தால் மறுபடி நசுங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேலே ஏறி ஒரு திருகை, பிறகு அடுத்த திருகை, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றித் தளர்த்தினாள். உருளை மேலே எழும்பியது. மிச்சமிருக்கிற கை எனக்கு மிஞ்சியது அதனால்தான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சுண்டு விரலும் மோதிர விரலும் போயிருந்தன. ரஃபத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நகத்தில் மை அப்படியே இருந்தது.

"ஆச்சுன்னு சொன்ன இல்ல?"

"சொன்னேன்."

"நான் கேட்டேன் செண்பா."

"நீ கேட்டது சரிதான். நான் சொன்னது டீக்கு."

அவள் தினமும் வந்து உட்கார்ந்தாள், ஆரஞ்சு உரித்து என் பக்கம் தள்ளினாள், போனாள். அன்வரி பேகம் வந்து, தான் டீயைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது, அந்த வார்த்தையை மாத்தச் சொல்லியிருக்கக் கூடாது என்று அழுதார். வாஹித் பாஷா வந்து மோட்டாரைத் திட்டினார். வார்த்தையை மாற்றியது நான் என்று நான் சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. ஆளாளுக்குத் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டு என்னைப் பேஜார் பண்ணினார்கள். போனது என் விரல், அழுவதற்குக்கூட எனக்கு இடம் விடவில்லை.

பள்ளிக்குத் திரும்பிப் போனேன். சாக்பீஸ் பிடிப்பது வலது கை, அதற்கொன்றும் குறையில்லை. பிள்ளைகள் என்னைக் கிண்டல் பண்ணுவதை நிறுத்தியதுதான் பயமாக இருந்தது. ரஃபத் வகுப்பில் கலர் அடிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போர்டில் ஒரு கோடு போடுவதில்லை. பரீட்சையே இல்லாத மாசத்தில் "என் பீரியட எடுத்துக்கோ" என்றாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் தபரேஸ் நின்றிருந்தார்.

"நாளைக்கு வாஹித் பாஷா வந்து மிஷின எடுத்துட்டுப் போறாரு டீச்சர். அவதான் போன் பண்ணாளாம்."

"சரி."

"தகட்டையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டா. செம்பு வெலைக்கு."

"எந்தத் தகடு?"

"எல்லாம். அந்தப் பொட்டியோட."

ஒரு தடவை கூடப் பார்க்காத படங்கள், உருக்கிக் கம்பியாக்கிவிட்டால் அப்புறம் யார் பார்ப்பது? மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மினி லாரி. டிரங்குப் பெட்டி ஏற்கெனவே படியில் இருந்தது. வாஹித் பாஷா ஸ்பேனரோடு குனிந்திருந்தார்.

"பாய், அதுல கை வெக்காதீங்க."

"மேடம் சொல்லித்தான்..."

"மேடத்துக்கு விரல் போகல. எனக்குத்தான் போச்சு. நான் சொல்றேன், நில்லுங்க."

ரஃபத் அடுப்படிக் கதவருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பின் அறைக்குள் போனேன். பலகையின்மேல் அந்தத் தகடு இன்னும் அப்படியே கிடந்தது. கம்பளியையும் காகிதத்தையும் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் மை காய்ந்து இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, துடைத்து, பொத்திப் பொத்தி வைத்தவள் ஒரு தகட்டை மையோடு இத்தனை மாசம் விட்டிருக்கிறாள். என் கையைப் பார்த்ததைவிட எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. அழுதுகொண்டே மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துத் துணியில் ஊற்றி, தகட்டை மூன்று விரலால் அழுத்திப் பிடித்து, வலது கையால் போட்டுத் தேய்த்தேன். வரவில்லை. இன்னும் தேய்த்தேன்.

"அப்பிடித் தேய்க்காத, கோடு போய்டும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நனைச்ச துணிய மேல போட்டு ஊற விடணும்."

"உன் தகடு. போனா போவட்டும். செம்புக்குத்தானே குடுக்கப் போற?"

அவள் வந்து துணியை என் கையிலிருந்து வாங்கினாள். மண்ணெண்ணெயில் நனைத்து, தகட்டின்மேல் விரித்து, ஓரங்களை விரலால் அழுத்தினாள். அப்போதுதான் என் இடது கையைப் பக்கத்தில் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. அவள் அதைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். நான் திட்டிக்கொண்டே அழுதேன். வாஹித் பாஷா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"பாய்," என்று கூப்பிட்டேன். "இந்த மோட்டாரயும் பெடலயும் கழட்டி எடுத்துட்டுப் போங்க. அன்னிக்கி ரஃபத் கேட்ட சக்கரத்தப் போட்டுக் குடுங்க."

"தோள்பட்ட..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போட்டுடலாம் டீச்சர்," என்றார். சொன்ன மாதிரியே பெரிய சக்கரம் கொண்டுவந்து, பற்சக்கரத்தையும் மாற்றினார். பல தடவை சுற்றினால் பலகை ஒரு சாண் நகரும். அவ்வளவு மெதுவாக. அவர் பயமுறுத்திய அளவு கனமெல்லாம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரஃபத் மை தேய்த்தாள். துடைத்தாள். காகிதம் போட்டாள். கம்பளி மூடிவிட்டு, சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தாள். நான் என் பழைய இடத்தில் நின்றேன். அவள் சுற்றவில்லை.

நான் இரண்டு கையையும் எடுத்து, அவள் கண்ணில் படுகிற மாதிரி மேல் உருளைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். என்ன சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான்தான் சொல்லவேண்டும்.

"கை இல்ல," என்றேன்.

அது எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் தூக்கிப் பிடித்த என் இடது கையையே பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. சக்கரத்தை விட்டுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"கை இல்ல."

கதவோரத்தில் அன்வரி பேகம். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியிருந்தார், ஒரு கையில் தஸ்பீ தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க யாரு கையும் இல்ல. நான் பாத்துனு நிக்கிறேன். நீ சுத்து பேட்டி."

ரஃபத் மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள். பலகை உருளைக்குள் போய் அந்தப் பக்கம் வரும்வரை நானும் அன்வரி பேகமும் போலீஸ் பிடித்த மாதிரி கையைத் தூக்கியபடியே நின்றோம்.

அவள் கம்பளியை மடித்தாள். காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தாள். நீலக் கறை இல்லை. வேனுக்குக் காத்து நிற்கிற பெண்கள், சாப்பாட்டுப் பையோடு, தூக்கக் கலக்கத்தோடு, ஒருத்தி மட்டும் எதற்கோ சிரித்துக்கொண்டு. முகம் எல்லாம் தெரிந்தது. எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தச் சிரிக்கிறவளை எனக்குத் தெரியும்போல இருந்தது.

ரஃபத் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்குப் படம் போடத் தெரியுது செண்பா," என்றாள்.

"ரெண்டு விரல் குடுத்ததுக்கு, வேனயும் சேத்துப் போட்டிருக்கலாம்," என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அடுத்த காகிதத்தை எடுத்து நனைக்கப் போட்டாள். அன்வரி பேகம் உள்ளே போய் மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். குடிச்சாச்சா என்று கேட்கவில்லை. டீ ஆறிப்போயிற்று.